கந்தோரில் இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி இதுதான்: வவுனியாவிலிருந்து வந்து யூனியன் பிளேஸில் ஒரு மென்பொருள் கம்பனியில் இரண்டு வருடமாக வேலை செய்யும் 26 வயது இளைஞர். போன வருடம்தான் இயேசுவை ஏற்றுக்கொண்டார். அவருடைய டீமில் ஒன்பது பேர், அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். கூட இருக்கிறவர்களுக்குச் சொல்லாவிட்டால் அவர்களுடைய ஆத்துமாவுக்கு நீதான் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் பாஸ்டர். சொன்னால் எச்ஆர் கூப்பிடுமோ என்று பயம். பக்கத்து மேசையில் இருக்கும் சிங்கள அக்காவின் அம்மா மகரகமவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். அவரிடம் எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்.

பேசலாம், தம்பி. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளும் பயமில்லாமல் வேலைக்கு வரக்கூடியவரிடம் மட்டும் பேசுங்கள். நான் எழுதப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

31 வருடம் கொழும்பில் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்குப் பகுதியில் தொடங்கி, பிறகு கோட்டையில் ஒரு கம்பனி, கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனி. பரம்பரை மெதடிஸ்ட் குடும்பம். கூட வேலை செய்கிறவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசை உங்கள் வயதில் எனக்குள் நெருப்பாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்த ஆசை பிழையில்லை. தனக்குக் கிடைத்த பெரிய நன்மையை, தினமும் எட்டு மணிநேரம் பக்கத்தில் உட்காருகிறவரிடம் மூச்சே விடாமல் இருப்பது எந்த மனிதனுக்கும் கஷ்டம்.

ஆனால் நான் ஒரு பிழை விட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

38 வயதில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஆறேழு பேர் கூட்ட அறையில் சேர்ந்து அரை மணிநேரம் ஜெபிப்போம். ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை என் பகுதிக்குப் புதிதாக வந்தாள். சைவக் குடும்பம். ஆறு மாத புரொபேஷன். ஒரு வெள்ளிக்கிழமை, 'நீங்களும் வாங்களேன்' என்று கூப்பிட்டேன். வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினாள், தலை குனிந்து ஜெபித்தாள். கர்த்தர் பெரிய காரியம் செய்கிறார் என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். வேலை நிரந்தரமான கடிதம் அவள் கைக்கு வந்த அடுத்த வெள்ளியே வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. வருடங்கள் கழித்து, அவள் வேறு இடத்துக்குப் போன பிறகு ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோதுதான் சொன்னாள்: 'சேர், கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள்தானே. வரமாட்டேன் என்று எப்படிச் சொல்கிறது?'

நான் அவளை மிரட்டவில்லை. கூப்பிட்டது மட்டும்தான். ஆனால் என் கதிரையும் சேர்ந்து கூப்பிட்டிருக்கிறது, அது எனக்குக் கேட்கவில்லை. அந்த ஆறு மாதமும் அந்தப் பிள்ளை என் முன்னால் இயேசுவின் பெயரில் நடித்துக்கொண்டிருந்தாள், நடிக்க வைத்தவன் நான். இதை நினைத்து ஜெபத்தில் அழுதிருக்கிறேன்.

இது என் ஒருவனுடைய பிழை மட்டுமில்லை. இந்தத் தீவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 'கந்தோர்' என்று எங்கள் அப்பா அம்மா சொல்வார்களே, அது டச்சுச் சொல். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுடைய ஆட்சியில் அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். ஆட்கள் எடுத்தார்கள். பெயர் கோயில் பதிவேட்டில் ஏறியது, வீட்டில் பழைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 1796இல் பிரித்தானியர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், சில வருடங்களுக்குள் கூட்டம் கூட்டமாக விட்டுப் போனார்கள். 'அரசாங்கக் கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் மட்டும் வரலாற்றில் மிஞ்சியது. வேலையையும் வேதத்தையும் ஒரே கயிற்றில் கட்டினால் என்ன நடக்கும் என்பதை நம்முடைய நாடு ஒரு தரம் பார்த்துவிட்டது. சிங்களவரிடமும் சைவரிடமும் இன்றும் இருக்கிற சந்தேகத்துக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது.

அதே ஒல்லாந்தர் காலத்தில்தான் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் வந்தார், 1687இல். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்த காலம், அதனால் பிச்சைக்காரனைப் போல உடுத்துக்கொண்டு வந்தார். கையில் பதவியும் இல்லை, கொடுப்பதற்கு உத்தியோகமும் இல்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரர்களே விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளை அவர் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தார். நான் மெதடிஸ்ட்காரன், புனிதர் பட்டம் எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆனாலும் உங்கள் கம்பனியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அந்தத் திடலைக் கடக்கும்போதெல்லாம், ஒல்லாந்தரின் பதிவேட்டையும் இந்த மனிதரையும் சேர்த்தே நினைப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். 'நான் சாதாரண ஆள், எனக்குக் கீழே யாரும் இல்லையே' என்று நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு வந்திருக்கிற இன்டர்ன் பிள்ளைக்கு வேலை சொல்லிக்கொடுப்பது யார்? உங்கள் மாடியில் பிளேன்டீ கொண்டுவருகிற அம்மாவும், வாசலில் நிற்கிற செக்கியூரிட்டி ஐயாவும் உங்களைப் பார்த்து 'சேர்' என்கிறார்களா? அவர்களும் உங்களிடம் எளிதில் 'வேண்டாம்' என்று சொல்லமாட்டார்கள். அவர்களோடு அன்பாக இருங்கள், பெயர் சொல்லி விசாரியுங்கள். துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். உங்களுக்குச் சமமாக இருக்கிறவர், மேலே இருக்கிறவர், இவர்களிடம் பேச உங்களுக்குக் கூடுதல் சுதந்திரம் இருக்கிறது, ஏனென்றால் மறுக்கிற சுதந்திரம் அவர்களுக்கு இருக்கிறது.

எச்ஆர் பயத்தைச் சொன்னதால் சட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை எந்த மதத்தையும் நம்பிக்கையையும் தெரிந்தெடுக்க ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் கொடுக்கிறது. 14(1)(உ) வழிபாட்டிலும் போதனையிலும் மதத்தை வெளிப்படுத்துகிற சுதந்திரத்தைக் குடிமக்களுக்குக் கொடுக்கிறது. மதம் மாறுவதைத் தடுக்கிற சட்டம் இங்கே இல்லை. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பகுதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவில்லை. ஆனால் அதற்கு முந்திய வருடம், 2003இல், ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டபூர்வ அமைப்பாகக் கூட்டிணைக்கும் சட்டமூலம் வந்தபோது, மதத்தை வெளிப்படுத்துகிற உரிமை வேறு, பரப்புகிற உரிமை வேறு, பரப்புவதற்கு அரசியலமைப்பு உரிமை தரவில்லை என்ற பொருளில் அதே நீதிமன்றம் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அதை ஏற்காமல், கன்னியருடைய உரிமை மீறப்பட்டிருக்கிறது என்றது. இன்னொரு பக்கம், பிறருடைய மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 291ஏ, 291பி பிரிவுகளின் கீழ் குற்றம். 'நீங்கள் கும்பிடுவது பிசாசு' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது முதலில் பாவம், அப்புறம் சட்டப் பிரச்சினையாகவும் ஆகலாம்.

நீங்கள் தனியார் கம்பனியில் இருப்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போடலாம். தனியார் முதலாளிக்கு எதிராக அந்த வழி இல்லை. அதனால் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் ஊழியர் நடத்தைக் கோவையையும் எடுத்து வாசியுங்கள். மதம் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதை மதியுங்கள். கம்பனி உங்களுக்குச் சம்பளம் தருவது வேலைக்கு. வேலை நேரத்தில் கோட் எழுதுங்கள். தேநீர் இடைவேளை, மதியச் சாப்பாடு, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கிற நேரம், இவை உங்களுடையவை. இந்த வரம்புக்குள் நின்றால் எச்ஆருக்கு அவ்வளவு பயப்படத் தேவையிராது என்று நினைக்கிறேன்.

வேலையின் தரத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஓவர்டைம் மணித்தியாலத்தைக் கூட்டி எழுதுகிறவன், மற்றவன் பிழையை மீட்டிங்கில் போட்டுக்கொடுக்கிறவன் எந்த வசனத்தைச் சொன்னாலும் எடுபடாது. இது உங்களுக்கே தெரியும்.

எப்போது பேசுவது? 1 பேதுரு 3:15ஐ எல்லோரும் 'எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்' என்ற முடிவோடு மனப்பாடம் செய்கிறார்கள். நடுவில் இரண்டு விஷயம் இருக்கிறது. 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்' என்கிறார், 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' என்கிறார். கேட்கிறவருக்குப் பதில். அதுவும் மரியாதையோடு. கேட்கவைக்கத் தந்திரம் ஒன்றும் தேவையில்லை, இருப்பதை மறைக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை காலையில் 'வீக்கெண்ட் என்ன செய்தாய் மச்சான்' என்று கேட்டால், 'சும்மா வீட்டில்தான்' என்று மழுப்பாதீர்கள். 'சர்ச்சுக்குப் போனேன், பிறகு வெள்ளவத்தையில் நண்பர்களோடு சாப்பிட்டேன்' என்று இயல்பாகச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும் முன் கண்ணை மூடி ஐந்து விநாடி ஜெபிப்பவர் என்றால் கந்தோரிலும் அப்படியே செய்யுங்கள். கேட்கிற ஆள் கேட்பார்.

என் அப்பா ஒரு விஷயம் சொல்வார். 1966இலிருந்து 1971வரை இந்த நாட்டில் வார விடுமுறை ஞாயிறு இல்லை, சந்திரக் கணக்கில் வருகிற பௌத்தரின் போயா நாள்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். அப்பா விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு நேரே மருதானைக்கு வேலைக்குப் போவாராம். 'இவ்வளவு விடிய எங்கே போய் வருகிறாய்' என்று கூட வேலை செய்த சிங்கள நண்பர் கேட்டதில் தொடங்கிய பேச்சு முப்பது வருடம் நீண்டது. அந்த நண்பர் கடைசிவரை பௌத்தராகவே இருந்தார். அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்த நால்வரில் அவரும் ஒருவர்.

பேச வாய்ப்பு வந்தால், உங்கள் சொல் அவர் காதில் என்னவாக விழுகிறது என்று யோசியுங்கள். நம்முடைய பிள்ளைகள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பௌத்தரிடம் போய் 'கடவுள் உங்களை நேசிக்கிறார்' என்கிறோம். அவருடைய சிங்களத்தில் 'தெய்யோ' என்றால் விஷ்ணு, கதிர்காமக் கடவுள் போன்றவர்கள். அவர்களும் சம்சாரச் சுழற்சிக்குள் இருக்கிறவர்கள், மனிதர்கள் செய்கிற 'பின்'னில், அதாவது புண்ணியத்தில், பங்கு பெறுகிறவர்கள். எல்லாவற்றையும் படைத்த ஒருவர் என்ற எண்ணமே அவருடைய தருமத்தில் இல்லை. 'நித்திய ஜீவன்' என்பது நமக்கு நற்செய்தி. பிறந்து பிறந்து வாழ்வதிலிருந்து விடுபடுவதே இலக்கு என்று நம்புகிறவருக்கு, முடியாத வாழ்வு என்ற சொல் பாரமாகக் கேட்கலாம். அதற்காகச் சுவிசேஷத்தை மாற்றச் சொல்லவில்லை. துக்கம், ஆசை, கருணை என்று அவருக்குத் தெரிந்த இடத்தில் பேச்சைத் தொடங்கலாம். கருணையைப் பற்றிப் பௌத்தர்களிடமிருந்து நான் கற்றதும் உண்டு.

சைவரிடம் வேறு மாதிரி. 'எல்லாம் ஒரே கடவுள்தான் தம்பி' என்று முதல் வசனத்திலேயே உங்களை அணைத்துக்கொள்வார். சுவாமிப்படத் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் மாதா படமும் இருக்கும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள், எத்தனை பேர் நெற்றியில் திருநீறும் பொட்டுமாக நிற்கிறார்கள். ஆனால் சித்தாந்தம் படித்த குடும்பமாக இருந்தால் உண்மையான தடை ஒன்று உண்டு. சிவன் பிறப்பில்லாதவன், கருவில் வராதவன் என்பது அவர்களுக்கு மிக முக்கியம். அவரிடம் 'கடவுள் மனிதனாகப் பிறந்தார்' என்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய வார்த்தை. அவர் தலையாட்டவில்லை என்றால் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள், உங்கள் சொல்லின் எடை அவருக்கு விளங்கியிருக்கிறது.

முஸ்லிம் நண்பருக்கு இயேசுவை, அவர்கள் சொல்கிற ஈஸா நபியை, நீங்கள் அறிமுகம் செய்யத் தேவையில்லை. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே அவருடைய தாய் மரியாளின் பெயர்தான், மர்யம். கன்னியிடம் பிறந்தார், அற்புதங்கள் செய்தார், திரும்ப வருவார் என்றெல்லாம் அவர்களும் நம்புகிறார்கள். சிலுவையில் இறந்தார் என்பதையும் தேவ குமாரன் என்பதையும் ஏற்பதில்லை. ஆக, வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அது நம்முடைய விசுவாசத்தின் நடு மையம். அதைத் தேநீர் இடைவேளையில் பத்து நிமிடத்தில் தீர்க்கப் பார்க்காதீர்கள். 'உங்கள் பக்கத்தில் ஈஸா நபியைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?' என்று கேட்டுவிட்டு, உண்மையாகவே காது கொடுங்கள்.

வாதம் வேண்டவே வேண்டாம். 1873இல் பாணந்துறையில் இரண்டு நாள் பெரிய மேடை போட்டு வாதம் நடந்தது. கிறிஸ்தவர் பக்கம் டேவிட் டி சில்வா, பௌத்தர் பக்கம் மீகெட்டுவத்தே குணானந்த தேரர். ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். வென்றது தேரர்தான் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாதத்தின் அறிக்கை வெளிநாட்டுக்குப் போய், அதை வாசித்த அமெரிக்கரான ஒல்கொட் 1880இல் இங்கே வந்தார், பௌத்த மறுமலர்ச்சி பெருகியது. தமிழர் பக்கத்திலும் பாருங்கள். பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். பக்கம் பக்கமாக வேதத்தை அறிந்தவர். அந்த அறிவோடுதான் சைவத்தைக் காக்க எழுந்தார், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். உங்கள் டீமில் இருக்கிற இந்து நண்பர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பரமண்டல ஜெபத்தை உங்களைவிடப் பிழையில்லாமல் சொல்லக்கூடியவராக இருக்கலாம். கொழும்பில் அது சாதாரணம்.

டீமின் வட்ஸ்அப் குழுவில் காலை வசனம் அனுப்பாதீர்கள். அது வேலைக் குழு, அதிலிருந்து வெளியேற அவர்களுக்கு வழியில்லை.

பண்டிகைகள் பற்றி சபைக்குச் சபை கருத்து வேறுபடும், நான் செய்ததைச் சொல்கிறேன். வெசாக் காலத்தில் கந்தோரில் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல் போட்டால் நின்று பரிமாறுவேன், வெயிலில் வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில் எனக்கு ஒரு தடையும் தெரியவில்லை. பிக்குகள் பிரித் ஓதும்போது மரியாதையாக இருப்பேன், நூல் கட்ட வந்தால் கையைக் கூப்பி அமைதியாகத் தவிர்ப்பேன். யாரும் கோபித்ததில்லை. இப்தாருக்குக் கூப்பிட்டால் போய்க் கஞ்சி குடிப்பேன். நத்தாருக்கு வீட்டில் செய்த கேக்கை முழுக் கந்தோருக்கும் கொண்டுபோவேன். படைத்த உணவைச் சாப்பிடுவதா என்று நீங்கள் குழம்பினால் 1 கொரிந்தியர் 8இலிருந்து 10வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு உங்கள் மனச்சாட்சிப்படி செய்யுங்கள்.

உதவி விஷயத்தில் மட்டும் மிக மிகக் கவனம். 'காசு குடுத்து மதம் மாத்துறாங்கள்' என்ற பேச்சு இந்த நாட்டில் சும்மா எழுந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, உதவிப் பொதியோடு வேதப் புத்தகமும் போன இடங்களைப் பற்றிய கதைகள் எங்கும் பேசப்பட்டன. கஷ்டத்தில் இருக்கிறவனும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாதவன்தான், என் பகுதிக்கு வந்த அந்தப் பிள்ளையைப் போல. 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் கந்தோரில் ஒருவருக்கொருவர் அரிசி, மருந்து, கைமாற்று என்று எவ்வளவோ நடந்தது. நான் எனக்கே ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: யாருக்கு உதவி செய்தேனோ அவரை நானாகச் சபைக்கு அழைப்பதில்லை. அவராகக் கேட்டால் அது வேறு.

2019 உயிர்த்த ஞாயிறை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். ஏப்ரல் 21, தற்கொலைக் குண்டுகள் வெடித்த நாள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். கந்தோர் திறந்த முதல் நாள் என் மேசைக்கு ஒரு முஸ்லிம் நண்பர் வந்தார். பதினைந்து வருடப் பழக்கம். ஒன்றும் பேசவில்லை, நின்றார், கண் கலங்கியிருந்தது. குண்டு வைத்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொன்ன தீவிரவாதிகள், அதற்கு அவர் ஏன் வெட்கப்பட வேண்டும்? எழுந்து கட்டிப்பிடித்தேன். அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம்களுடைய கடைகள் எரிந்தபோது, அவருடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து சில நாள் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த நாட்களில் ஒரு மாலை, காரில் இருந்தபடியே அவராகக் கேட்டார்: 'எதிரியை மன்னிக்கச் சொல்லி உங்கள் வேதத்தில் இருக்கிறதாமே, எங்கே இருக்கிறது?' லூக்கா 23ஐ எடுத்து வாசித்துக் காட்டினேன். 31 வருடத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட மிக நல்ல கேள்வி அது. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் தள்ளவில்லை.

இனி உங்கள் பாஸ்டர் சொன்னது. அவர் எசேக்கியேல் 33இல் இருக்கிற காவற்காரனை நினைத்துச் சொல்லியிருப்பார். அது பாரமான வசனம், இலேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் எசேக்கியேல் அனுப்பப்பட்டது தன் சொந்த ஜனத்திடம், உடன்படிக்கையை அறிந்தும் மீறியவர்களிடம். உங்கள் டீமில் இருக்கிற எட்டுப் பேருடைய முழு நித்தியமும் உங்கள் வாயில் தொங்குகிறது என்று அந்த அதிகாரம் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. பவுல் நட்டார், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், விளையச் செய்தவர் தேவன். பயத்தால் பேசுகிறவனுடைய குரலில் அந்தப் பயம் கேட்கும். யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் போதகர் டி.டி. நைல்ஸ், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கத்தில் பிரசங்கித்தவர், நற்செய்தி சொல்வதை ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சாப்பாடு கிடைக்கிற இடத்தைச் சொல்வதோடு ஒப்பிட்டார். சொல்கிறவன் மேலே நிற்கவில்லை, அவனும் அதே தெருவில் பசியோடு நின்றவன். பாஸ்டரிடம் இதை மரியாதையாகப் பேசிப் பாருங்கள். நீங்கள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க ஒரு நாள் அவரைச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிக்கொண்டு போனாலும் நல்லது.

அந்த அக்கா. அவர் உங்களுக்கு மூத்தவர், வேலையில் உங்களில் தங்கியிருக்கவில்லை, அது நல்லது. ஆனால் அம்மாவுக்குப் புற்றுநோய் என்றால் அவர் இப்போது மிகவும் பலவீனமான நிலையில் இருக்கிறார். 'இயேசு சுகமாக்குவார்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கைக் கொடுக்க உங்களுக்கும் எனக்கும் அதிகாரம் இல்லை. சுகம் கிடைக்காவிட்டால் உங்கள் வார்த்தையை அவர் ஆயுசுக்கும் சுமப்பார். தனியாக இருக்கிற நேரம், எளிய சிங்களத்தில், 'அக்கா, நான் தினமும் ஜெபிக்கிறவன், அம்மாவுக்காகவும் ஜெபிக்கலாமா?' என்று ஒரு தரம் கேளுங்கள். சரி என்றால் உங்கள் அறையில் ஜெபியுங்கள், உண்மையாகவே ஒவ்வொரு நாளும். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டு, அவருடைய வேலை டிக்கெட்டுகளில் இரண்டை எடுத்து முடித்துக் கொடுங்கள். மருத்துவமனை வார்டில் சத்தமாக ஜெபிக்க வேண்டாம், பக்கத்துக் கட்டில்களிலும் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.

'ஏன் இதெல்லாம் செய்கிறாய்' என்று அவர் எப்போதாவது கேட்டால், போன வருடம் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். யோவான் 9இல் குருடனாயிருந்தவன் இறையியல் ஒன்றும் பேசவில்லை, முன்பு பார்வை இல்லை, இப்போது பார்க்கிறேன் என்றான். உங்களுடையதும் அந்த நீளம் இருந்தால் போதும். கேட்காமலே போனாலும் கவலைப்படாதீர்கள். ஒருவேளை அந்த அம்மா தவறினால், வெள்ளை உடுத்துக்கொண்டு மரண வீட்டுக்குப் போங்கள், ஏழாம் நாள் தானத்துக்கும் போய்க் கதிரை அடுக்குங்கள்.

இப்போதைக்கு, யூனியன் பிளேஸிலிருந்து 138 பஸ் எடுத்தால் மகரகம. போகும் முன் பார்வை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு எல்லாச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது, வெறுங்கையோடு போகக் கூடாது என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். அம்மாவுக்கு என்ன சாப்பிட முடிகிறது என்று திங்கட்கிழமை அந்த அக்காவிடமே கேளுங்கள்.